கடலின் நீலத்தைக் கேள்வி கேட்டவர்

சித்தையன்கோட்டை வயல் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். பக்கத்துத் தென்னந்தோப்பு பச்சையாகத் தெரிகிறது. அதற்கும் அப்பால், கொடைக்கானலை நோக்கி உயர்ந்து செல்லும் மலைத்தொடரோ நீலமாகத் தெரிகிறது. அந்த மலைகளின் மேலும் மரங்கள்தாம் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் இலைகளும் பச்சைதான். பேருந்தில் ஏறி மலைக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். அங்கே போய் நின்றால் நீலத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால் வேறொரு மலை நீலமாக நிற்கிறது! ஆகவே அந்த நீலம் மலையில் இல்லை. நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்றில்தான் இருக்கிறது.

இதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை. மலைக்குப் பதிலாகக் கடலைப் பார்த்து அவ்வாறு கேட்ட ஒருவர், அந்தக் கேள்வியின் பின்னாலேயே ஏழு ஆண்டுகள் நடந்து, உலகமே வியக்கும் உண்மை ஒன்றைக் கண்டார். அவரே சர் சி. வி. இராமன். நமக்கு அண்டை மாவட்டமான திருச்சியில் பிறந்தவர்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருவானைக்காவில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவர் பிறந்தார். வேங்கடராமன் என்பது இட்ட பெயர். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தந்தையார் ஆசிரியர். பெரிய சம்பளம் கிடையாது. ஆனால் வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன. வயலின் ஒன்றும் இருந்தது. 1892இல் அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே சென்றது. கடற்கரை நகரம். சிறுவன் இராமன் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். அவன் படித்த செயின்ட் அலோசியஸ் பள்ளி, நம்முடையதைப் போலவே ஒரு கத்தோலிக்கப் பள்ளி என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் நமக்கும் ஒரு சிறு பெருமை உண்டு.

பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பதினான்கு வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உருவத்தில் மிகச் சிறியவராக இருந்ததால், வழி தவறி வந்த பள்ளிப் பையனோ என்று பேராசிரியர் ஒருவர் ஐயுற்றாராம். 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்று, ஆங்கிலத்துக்கும் பௌதிகத்துக்கும் தங்கப் பதக்கங்களை வாங்கியவர் அந்தப் ‘பையன்’தான். 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

மாணவராக இருந்தபோதே தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். அது 1906இல் இலண்டனில் வெளியாகும் பெயர்பெற்ற விஞ்ஞான இதழில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கட்டுரையின் பொருள் ஒளிதான். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நாம் கீழ்வகுப்பில் படிக்கிறோம். அது ஓரளவுக்கே உண்மை. மிகக் குறுகிய இடைவெளி வழியாகச் செல்லும்போது ஒளி விளிம்பில் சற்றே வளைந்து பரவுகிறது. கரையிலுள்ள பாறையைச் சுற்றிக்கொண்டு அலை வருவதைப் போல. நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு விரல்களைக் கண்ணுக்கு அருகே வைத்து, இடையில் நூலளவு சந்து விட்டு, அதன் வழியாகக் குழல்விளக்கைப் பாருங்கள். (சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது.) சந்துக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒளி அலையாக நடந்துகொள்வதற்கு அவை சாட்சி. அத்தகைய கோடுகள் இருபுறமும் ஒரே அளவாக இல்லாமல் விழுவதைக் கல்லூரிச் சோதனைச்சாலையில் கவனித்து, அதைத் தான் இராமன் அந்தக் கட்டுரையில் ஆராய்ந்தார்.

இத்தகைய மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதுதான் அக்கால வழக்கம். ஆனால் மருத்துவச் சோதனையில் அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று வெள்ளைக்கார மருத்துவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தியாவிலோ விஞ்ஞான ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லை. வேறு என்ன செய்வது? அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதி அதிலும் முதலாவதாக வந்தார். அதே 1907ஆம் ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். வீணை வாசிக்கத் தெரிந்த அந்தப் பெண்ணைத் தாமே தேர்ந்தெடுத்து, வரதட்சிணை எதுவும் வாங்காமல் செய்துகொண்ட திருமணம் அது. பிறகு இருவரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அங்கே உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் வேலை.

பத்தொன்பது வயதுக்குள் உயர்ந்த பதவி, கை நிறையச் சம்பளம். வேறொருவராயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பொருள். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அக்கழகத்தை 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்க மருத்துவர் நிறுவியிருந்தார். அதற்கு உறுதுணையாக நின்று, அங்கே பௌதிகச் சொற்பொழிவுகளும் ஆற்றியவர் லாஃபோன் அடிகளார்; பெல்ஜியத்திலிருந்து வந்து கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பணிபுரிந்த இயேசு சபைக் குரு. ஜகதீச சந்திர போஸின் ஆசிரியரும் அவரே. நாட்டு மக்களே விஞ்ஞானத்தை ஆராய்ந்து வளர்க்க வேண்டும் என்ற ஆசையோடு கட்டிய இடம். ஆனால் ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. இராமன் உள்ளே நுழைந்தபோது, முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த வீட்டுக்குப் பிள்ளை வந்ததைப் போலாயிற்று.

அதன் பிறகு பத்து ஆண்டுகள் அவர் இரண்டு பேருடைய வாழ்க்கையை ஒருவராகவே வாழ்ந்தார். காலை ஐந்தரை மணிக்கே கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகும். ஆஷு பாபு என்ற உதவியாளர் ஒருவர்தான் துணை. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911இல் திரும்பவும் கல்கத்தா. கழகத்துக்கு அடுத்த வீட்டிலேயே குடியேறி, நடுவில் கதவு ஒன்று வைத்துக்கொண்டார். அந்த அம்மையார் எத்தனை நாள் ஆறிய சோற்றுக்குக் காவல் இருந்தாரோ! வாழ்க்கை வரலாறுகளில் அது எழுதப்படுவதில்லை.

அக்காலத்தில் அவர் வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தார். சாதாரணமாகத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் சுருதியில்லாத சத்தம்தான் வரும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில் பூசும் கறுப்புக் கரணையே அதன் ஒலிகளை இசையின் கணக்குக்குள் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். நம் ஊர்க் கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்ததை அவர் கணக்கால் விளக்கினார் எனலாம்.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பாலித் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் அரசாங்க வேலையில் கிடைத்ததில் ஏறத்தாழ பாதிதான். மேலும், அப்பதவிக்கு வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சம்பளக் குறைவை இராமன் ஏற்றார், விதியை ஏற்கவில்லை. பயிற்சிக்காக வெளிநாடு போக முடியாது என்று சொல்லிவிட்டார். அசுதோஷ் முகர்ஜி அவருக்காக விதியைத் தளர்த்தினார். விதியைவிட மனிதரைப் பெரிதாக நினைத்த அந்த முகர்ஜிக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி, கடலுக்கு வருவோம்.

1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காக இராமன் முதன்முதலாக இங்கிலாந்து சென்றார். நர்குண்டா என்ற கப்பலில் திரும்பி வருகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கட்டிப்போட்டது. ஏன் இந்த நீலம்?

கேள்விக்கு விடை முன்பே இருந்தது. கொடுத்தவர் சாதாரணமானவரல்லர், நோபல் பரிசு பெற்ற ரேலே பிரபு. வானம் ஏன் நீலம் என்பதை விளக்கிய பெருமை அவருடையது. சூரியனின் வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலவை. ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அலைநீளம் உடையது. சிவப்பின் அலை நீளமானது, நீலத்தின் அலை குட்டையானது. காற்றின் மூலக்கூறுகள்மேல் ஒளி படும்போது நாலாபுறமும் சிதறுகிறது. குட்டை அலைகளே அதிகம் சிதறும். நீலம் சிவப்பைப்போல நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. அப்படிச் சிதறிய நீலம் எல்லாத் திசைகளிலிருந்தும் நம் கண்ணுக்கு வருவதால் வானம் நீலம். மாலையில் சூரிய ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதற்குள் நீலம் வழியெல்லாம் சிதறித் தீர்ந்துபோக, மிஞ்சிய சிவப்பு நம்மை வந்தடைகிறது. நம் மேற்கு மலையின் நீலத்துக்கும் இதே காரணந்தான்.

கடலின் நீலம் என்பது வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே என்பது ரேலேயின் கருத்து. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆத்தூர்க் காமராசர் அணையின் நீர்த்தேக்கத்தைக் கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால், தெரியும் நீலத்தில் பெரும்பகுதி வானத்தின் நிழல்தான். கரு மேகம் மூடினால் நீரும் கறுத்துவிடும். ஆனால் ஆழ்கடலுக்கும் அதுவே விடையா?

இராமனின் பையில் நிக்கோல் முப்பட்டகம் என்ற சிறு பளிங்குக் கருவி இருந்தது. ஒளி அலை பல தளங்களில் அதிர்கிறது. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் ஒரே தளத்தில் அதிரும். அந்தத் தளத்தின் ஒளியை நிக்கோல் முப்பட்டகம் தடுத்துவிடும். அதாவது, கடலின் மேலே கிடக்கும் வானத்தின் பிரதிபலிப்பை மட்டும் துடைத்து எடுத்துவிடலாம். அவர் கப்பல் தட்டில் நின்று, கருவியைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. முன்னைவிட அழகாகத் தெரிந்தது! அப்படியானால் அந்த நீலம் வானத்திடம் கடன் வாங்கியதன்று, கடலுக்கே சொந்தமானது. நீரின் மூலக்கூறுகளும் காற்றின் மூலக்கூறுகளைப் போலவே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் அங்கிருந்தே இலண்டன் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதற்கும் கடலின் நீலத்தில் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெரிந்த உண்மை. எனினும் ரேலே பிரபு சொன்னதையே சோதித்துப் பார்க்கத் துணிந்த அந்த ஒரு பார்வையிலிருந்துதான் மற்றவை எல்லாம் பிறந்தன.

கல்கத்தா திரும்பியதும் இராமனும் மாணவர்களும் நீர், பனிக்கட்டி, திரவங்கள், ஆவிகள் என்று ஒன்றையும் விடாமல் ஒளிச் சிதறலை ஆராய்ந்தனர். 1923இல் கே. ஆர். இராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஒரு நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால் சிதறும் ஒளியும் அதே நிறமாகத்தானே இருக்க வேண்டும்? மிக மங்கலாக வேறொரு நிறமும் கலந்து வந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று எண்ணினர். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்தனர். அப்போதும் அது போகவில்லை. அழுக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடாமல் அந்த மங்கல் ஒளியை ஐந்தாண்டுகள் விடாமல் துரத்தியதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம்மில் பலர் நோட்டுப் புத்தகத்தில் சோதனைப் பிழை என்று எழுதி முடித்திருப்போம்.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். சோதனையின் முறை மிக எளிது. சூரிய ஒளியைத் தொலைநோக்கியின் வில்லையால் குவித்து, ஊதா நிறக் கண்ணாடி வழியாகத் திரவத்தில் செலுத்துவது. சிதறி வரும் ஒளியை, ஊதாவை அடியோடு தடுக்கும் வேறு நிறக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. நிறம் மாறாதிருந்தால் ஒன்றும் தெரியக் கூடாது. இருள்தான் இருக்க வேண்டும். ஆனால் திரவத்தின் ஊடே மங்கிய ஒளிக்கோடு தெரிந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் பார்த்தனர், எல்லாவற்றிலும் தெரிந்தது.

பிப்ரவரி 28ஆம் நாள் பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, நிறமாலை காட்டும் சிறு கருவி வழியாக இராமன் பார்த்தார். விளக்கிற்குரிய கோட்டுக்கு அப்பால், இருண்ட இடைவெளி விட்டு, விளக்கில் இல்லாத புதிய கோடு தனியாக நின்றது. ஐயம் தீர்ந்தது. மறுநாளே செய்தி பத்திரிகைகளுக்குத் தரப்பட்டது.

இதன் பொருள் என்ன? ஒளி என்பது சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாகவும் வருகிறது. அது மூலக்கூறின்மேல் மோதும்போது பெரும்பாலும் வந்த ஆற்றலோடே திரும்பிவிடும். ஆனால் கோடியில் ஒன்று போல மிகச் சிலவற்றில், மூலக்கூறு தான் அதிர்வதற்கு வேண்டிய ஆற்றலைச் சிறிது பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. ஆற்றல் குறைந்த ஒளியின் அலை நீண்டுவிடுகிறது, நிறம் மாறுகிறது. சுங்கச் சாவடியில் காசு கொடுத்துவிட்டு வண்டி போவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிதாக, ஏற்கனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளிக்குக் கொடுத்தனுப்புவதும் உண்டு. எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். எனவே மாறிய ஒளியைப் பார்த்தே, தொடாமலும் உடைக்காமலும், அது இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். கைரேகையைப் பார்த்து ஆளைச் சொல்வதைப்போல. 1960இல் லேசர் ஒளி வந்தபின் இம்முறை எங்கும் பரவிற்று. போலி மருந்தையும் போலி வைரத்தையும் கண்டுபிடிக்க உதவுகிறது. 2021இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இராமன் முறையில் பாறையை ஆராயும் கருவிகள் சென்றிருக்கின்றன.

ஏறக்குறைய அதே நாட்களில் மாஸ்கோவில் மாண்டல்ஸ்டாம், லாண்ட்ஸ்பெர்க் என்ற இருவரும் படிகக்கல்லில் இதே விளைவைக் கண்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இராமன் முந்திக்கொண்டு வெளியிட்டார். 1929இல் சர் பட்டமும், 1930இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தன. ஆசியாவிலிருந்து விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் மனிதர் அவரே. பரிசு தமக்கே கிடைக்கும் என்ற உறுதியில், அறிவிப்பு வருவதற்குப் பல வாரங்கள் முன்னமே ஸ்டாக்ஹோம் செல்லக் கப்பல் சீட்டு வாங்கி வைத்துவிட்டாராம்! விழா மேடையிலே, சொந்தக் கொடி இல்லாத நாட்டின் மகனாகப் பிரிட்டிஷ் கொடியின்கீழ் தாம் அமர்ந்திருப்பதை உணர்ந்தபோது அவர் கண்கள் கலங்கின. பரிசு அவர் பெயருக்கு மட்டுமே வந்தது. கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அது சரிதானா என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நோபல் சொற்பொழிவில் கிருஷ்ணனின் பெயரை இராமன் குறிப்பிட்டார்.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராகச் சென்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். இங்கே, பெண்கள் பள்ளி மலரில் எழுதும் நான் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு.

அதே ஆண்டில் கமலா பாகவத் என்ற பம்பாய் மாணவி அக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்றவர். இராமன் இடமில்லை என்று மறுத்துவிட்டார். காரணம் மதிப்பெண் அன்று. அவர் பெண் என்பதுதான். கமலா அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. பெங்களூருக்கே வந்து இயக்குநரின் முன் நின்று நியாயம் கேட்டார். கடைசியில் இராமன் நிபந்தனைகளோடு இணங்கினார். முதலாண்டு சோதனைக் காலம். வேலை திருப்தி அளித்தால்தான் முறையான மாணவியாக ஏற்பது. ஆசிரியர் சொன்னால் இரவெல்லாமும் உழைக்க வேண்டும். அங்குள்ள ஆண்களின் கவனம் கெடக் காரணமாக இருக்கக் கூடாது. எந்த ஆண் மாணவருக்கும் இத்தகைய நிபந்தனைகள் விதிக்கப்படவில்லை. கமலா அவற்றை ஏற்று உழைத்தார். ஓராண்டு முடிவில் அவருடைய வேலையைக் கண்டு இராமன் மனம் மாறி, அதன்பின் பெண்களுக்கும் கழகத்தில் இடம் அளித்தார். கமலா பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் டாக்டர் பட்டம் பெற்று வந்தார். கமலா சோஹோனி என்ற பெயரில் உயிர்வேதியியலில் புகழ் எய்தினார். பெண் என்பதற்காக நேர்ந்த அந்த அவமதிப்பைத் தாம் மறக்கவில்லை என்று முதுமையிலும் வெளிப்படையாகவே சொன்னார்.

வானத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்ட கண்கள், பெண்களைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை மட்டும் ஏன் கேள்வி கேட்கவில்லை? எனக்கு விளங்கவில்லை. கமலா வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் திறந்த வழியே சில ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். 1940இல் இராமனின் சோதனைச்சாலையில் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளி பட்டால் எப்படி மின்னுகின்றன என்பதை ஆராய்ந்தார். இராமனிடம் சுமார் முந்நூறு வைரங்கள் இருந்தன, அணிவதற்கல்ல, ஆராய்வதற்கு. மங்கிய ஒளி தகட்டில் பதியப் பதினைந்து, இருபது மணி நேரமாகும். ஆகவே இரவிலும் அங்கேயே இருப்பார் அன்னா மாணி. ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடும் கொடுத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று காரணம் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. அவர் அதற்காக முடங்கிவிடவில்லை. 1945இல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, நாடெங்கும் சூரிய ஒளியின் அளவைப் பதிவு செய்யும் நிலையங்களை அமைத்தார். வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார். 2001இல் காலமானார். பட்டம் பெறாத அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது.

இராமன் குணத்தில் எளிதானவரல்லர். முன்கோபமும் பிடிவாதமும் உண்டு. கழகத்தில் பூசல்கள் எழுந்து, 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை நீடித்தார். 1934இல் இந்திய விஞ்ஞான அகாடமியை நிறுவினார். 1948இல் தம் பெயராலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது.

பிற்காலத்தில் அவர் மனம் ரோஜாவின் நிறத்திலும், பட்டாம்பூச்சியின் இறகிலும், சிப்பியின் பளபளப்பிலும் திளைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் புறஊதா ஒளியில் கற்கள் ஒளிர்வதைக் காட்டி மகிழ்வார். 1968இல் அகமதாபாத்தில் வானம் ஏன் நீலம் என்பதைப் பற்றியே பேசினார். எண்பது வயதிலும் அதே கேள்வி! அதில் அவர் விளக்கிய ஒன்று: நிலா என்பது சூரிய ஒளியைத்தானே திருப்பி அனுப்புகிறது, ஆகவே பௌர்ணமி இரவிலும் வானம் நீலம்தான். ஒளி மங்கலாக இருப்பதால் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை, அவ்வளவே. அடுத்த பௌர்ணமியன்று மாடியில் நின்று இதை நினைத்துப் பாருங்கள்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் தம் நிலையத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு ஆற்றுவது அவர் வழக்கம். 1970இலும் தவறாமல் ஆற்றினார். சில நாட்களில் சோதனைச்சாலையிலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இருக்க மனமின்றித் தம் தோட்டத்துக்கு நடுவிலுள்ள வீட்டுக்கே திரும்பினார். நவம்பர் 21ஆம் நாள் விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தது. 1928இன் அந்தப் பிப்ரவரி நாளை நினைவுகூர்ந்து, 1987 முதல் நாடெங்கும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே அவருக்கு எரியூட்டினார்கள். அந்த இடத்தில் மண்டபமோ சிலையோ எழுப்பவில்லை. ஒரு மரக்கன்று நட்டார்கள். மஞ்சள் பூப் பூக்கும் மரம் அது.